கடுவன் பூனைக்குச் சிறுநீரில் ரத்தம்: கிருமியா, புராஸ்டேட்டா, வேறொன்றா?

கேட்டிருப்பது இது: நான்கு வயதுக் கடுவன் பூனை, வீட்டுக்குள்ளேயே வளர்கிறான், கருத்தடை செய்யவில்லை. ஆறு மாதத்தில் மூன்றாவது முறையாகச் சிறுநீரில் ரத்தம். மண் தட்டுக்கு ஓடி ஓடிப் போய்க் குந்துகிறான், இரண்டு சொட்டு விடுகிறான், கத்துகிறான். முதல் இரண்டு முறையும் ‘யூரின் இன்ஃபெக்‌ஷன்’ என்று ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்கள், நான்கைந்து நாளில் சரியாகிவிட்டது. இப்போது தெரிந்தவர் ஒருவர், “இது புராஸ்டேட் கோளாறு, விதையை எடுத்தால்தான் தீரும்” என்கிறார். எதை நம்புவது?

நான் இருபது வருடத்துக்கு மேலாக நாய், பூனைகளைப் பார்த்துவரும் கால்நடை மருத்துவர். உங்கள் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் நான் ஒன்று கேட்க வேண்டும். இதைப் படிக்கும் இந்த நேரத்தில் அவனுக்குச் சிறுநீர் வருகிறதா? ரத்தம் கலந்து வந்தாலும் சரி, சொட்டுச் சொட்டாக வந்தாலும் சரி, வருகிறதா? மண் தட்டைக் கிளறிப் பாருங்கள். ஈரம் எங்கேயும் இல்லாமல், அவன் குந்திக் குந்தி முக்கிக்கொண்டு மட்டும் இருந்தால் மேலே படிக்க வேண்டாம். கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். ராத்திரி பதினோரு மணியானாலும் கிளம்புங்கள். விடியட்டும் என்று காத்திருக்கிற நோய் இல்லை இது.

கடுவனின் சிறுநீர் வடிகுழாய் நீளமானது, குறியின் நுனிக்கு வர வர ஒடுங்கிக்கொண்டே போவது. அங்கே மணல் பருக்கை அளவு ஒரு கல் போதும். சளியும் உப்புப் படிகங்களும் சேர்ந்து பற்பசை போல இறுகிய ஒரு துணுக்கு போதும். சில பூனைகளுக்குக் கல்லும் இல்லாமல் சளியும் இல்லாமல், குழாய் வீங்கித் தசை இறுகியே அடைத்துக்கொள்ளும். பெட்டைப் பூனைக்குக் குழாய் குட்டை, அகலம், அதனால் அடைப்பு மிகவும் அபூர்வம். அடைத்து ஒரு நாள், இரண்டு நாளில் வெளியேற வேண்டிய கழிவும் பொட்டாசியமும் ரத்தத்தில் ஏறிவிடும். ஏறிய பொட்டாசியம் இதயத்தை மந்தமாக்கும். மருத்துவமனை மேசையில் பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் பூனையின் இதயம் நிமிடத்துக்கு 180, 200 என்று அடிக்க வேண்டும். இரண்டு நாள் அடைத்துக் கிடந்த பூனைக்கு அது 100-க்குக் கீழே இறங்கியிருந்ததை ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டிருக்கிறேன். அந்த நிலையில் முதலில் இதயத்தைக் காப்பாற்றக் கால்சியம் ஊசி, அப்புறம்தான் டியூப் போட்டு அடைப்பை எடுப்பது. அதையும் தாண்டி விட்டுவிட்டால் சில நாளிலேயே உயிர் போய்விடும்.

அடைத்த பூனையைப் பெரும்பாலும் “நாலு நாளாக வெளிக்கே போகவில்லை டாக்டர், மலச்சிக்கல்” என்றுதான் கொண்டுவருவார்கள். குந்தி முக்குவதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒருவர் இரண்டு வேளை விளக்கெண்ணெய் கொடுத்துவிட்டுக் கொண்டுவந்தார். வயிற்றின் பின்பகுதியில் கை வைத்தால் எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதாக, கல் மாதிரி ஒரு உருண்டை. அதுதான் நிரம்பி இறுகிய சிறுநீர்ப்பை. வீட்டில் நீங்களும் மெதுவாகத் தொட்டுப் பார்க்கலாம், ஆனால் அமுக்கக் கூடாது, கிழிந்துவிடும். கூடவே வாந்தி, சாப்பிடாமல் மூலையில் சுருண்டு கிடப்பது, குறியை விடாமல் நக்குவது, தூக்கினால் அலறுவது என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

வீட்டு வைத்தியம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீர்க்கடுப்பு என்றாலே நம் வீடுகளில் இளநீர், வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் கஷாயம் என்றுதான் கை போகும். மனிதர்களுக்கு அது வழக்கம். ஆனால் இளநீரில் இருக்கும் முக்கியமான உப்பே பொட்டாசியம்தான். அடைத்துக் கிடக்கும் பூனைக்கு ஏற்கெனவே பொட்டாசியம் ஏறித்தான் உயிர் ஊசலாடுகிறது, அதற்கு மேல் சிரிஞ்சில் இளநீரைப் புகட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நீர் பெருக்கும் கஷாயமும் அப்படியே. வடியும் வழி மூடியிருக்கும்போது வரத்தைக் கூட்டினால் பை இன்னும்தான் இறுகும். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது. ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

சரி, அவனுக்குச் சிறுநீர் வருகிறது என்று வைத்துக்கொண்டு உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

நான்கு வயதுக் கடுவனுக்குச் சிறுநீரில் ரத்தம் என்றால் அது கிருமித் தொற்றாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. கேட்க ஆச்சரியமாக இருக்கும், ஏனென்றால் நமக்கு ‘யூரின்ல ரத்தம்’ என்றால் ‘இன்ஃபெக்‌ஷன்’ என்றே பழகிவிட்டது. பூனை பாலைவன வம்சம். கொஞ்சமாகத் தண்ணீர் குடித்து, சிறுநீரைச் சுண்டக் காய்ச்சி வெளியே விடும் உடம்பு அதற்கு. அந்தக் கெட்டியான சிறுநீரில் பாக்டீரியா எளிதில் பெருக முடியாது. அதோடு கடுவனின் நீளமான குழாயைத் தாண்டிக் கிருமி மேலே ஏறி வரவும் வேண்டும். பத்து வயதுக்குக் குறைந்த பூனைகளில் இந்த மாதிரி அறிகுறிகளோடு வருபவற்றில் உண்மையான பாக்டீரியாத் தொற்று நூற்றுக்கு ஒரு சிலதான். பாதிக்கும் மேற்பட்டவற்றில் கிருமியும் இருக்காது, கல்லும் இருக்காது, கட்டியும் இருக்காது. சிறுநீர்ப்பையின் உட்சுவர் வீங்கி, புண்ணாகி, ரத்தம் கசியும். காரணம் இன்னதென்று ஒற்றை விரலால் சுட்ட முடியாத அழற்சி. மனஅழுத்தம் அதற்குப் பெரிய தூண்டுகோல்.

“அப்படியானால் ஊசி போட்டதும் சரியானதே?” என்று கேட்பீர்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், உங்கள் குழப்பம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. இந்த அழற்சி பெரும்பாலான பூனைகளில் ஐந்து முதல் ஏழு நாளில் தானாகவே அடங்கிவிடும். ஊசி போட்டாலும் அடங்கும், போடாவிட்டாலும் அடங்கும். இரண்டாம் நாள் ஊசி போட்டு ஆறாம் நாள் சரியானால் ஊசிதான் குணப்படுத்தியது என்று தோன்றுவது இயல்பு. மருத்துவருக்கும் அப்படித்தான் தோன்றும், எனக்கும் முதல் சில வருடங்கள் அப்படித்தான் தோன்றியது. ஆனால் மூல காரணம் அப்படியே இருப்பதால் சில வாரத்திலோ சில மாதத்திலோ திரும்பி வரும். உங்கள் வீட்டில் நடந்திருப்பதும் அநேகமாக இதுதான். மூன்று முறை வந்தது மூன்று தொற்று இல்லை, ஒரே பிரச்சினை மூன்று முறை தலைகாட்டியிருக்கிறது.

ஆனால் ‘அநேகமாக’ என்பதை வைத்துக்கொண்டு வைத்தியம் பார்க்க முடியாது. பார்த்துத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும், அதற்கு வழி இருக்கிறது. உங்கள் கடிதத்தில் என் மனதை உறுத்தியது ஒன்றுதான்: மூன்று முறையும் சிறுநீரை எடுத்துப் பார்த்ததாக ஒரு வரிகூட இல்லை.

மண் தட்டிலிருந்தோ தரையிலிருந்தோ சிரிஞ்சில் உறிஞ்சிய சிறுநீரைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பினால் தட்டில், தோலில், முடியில் இருந்த கிருமியெல்லாம் அதில் வளரும். அந்த ரிப்போர்ட்டை வைத்து மருந்து கொடுத்தால் இல்லாத நோய்க்குத்தான் கொடுப்போம். சரியான முறை, வயிற்றின் வழியாக மெல்லிய ஊசியைச் செலுத்திச் சிறுநீர்ப்பையிலிருந்து நேரடியாக எடுப்பது. கேட்கப் பயமாக இருக்கும். செய்து பார்த்தால் தடுப்பூசி போடுவதைவிடப் பெரிய வேலை இல்லை. ஸ்கேன் வைத்துப் பார்த்துக்கொண்டே எடுக்கலாம், அரை நிமிடம்தான். பையில் கொஞ்சமாவது சிறுநீர் தங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான். கல்ச்சருக்கான சிறுநீரை ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்னால் எடுப்பது முக்கியம், மருந்து உள்ளே போன பிறகு எடுத்தால் இருந்த கிருமியும் வளராமல் போகலாம். உடனே லேபுக்கு அனுப்ப முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைத்து அன்றைக்கே அனுப்ப வேண்டும். ஆனால் படிகங்களைப் பார்க்க வேண்டுமென்றால் சிறுநீர் புதிதாக இருக்க வேண்டும். குளிர்ந்த சிறுநீரில் முதலில் இல்லாத படிகமெல்லாம் பிறகு உருவாகும், அதைப் பார்த்துவிட்டு ‘கல் இருக்கிறது’ என்று முடிவு கட்டியவர்கள் உண்டு.

கூடவே ஒரு எக்ஸ்ரே, ஒரு ஸ்கேன். பூனைக்கு வரும் கல்லில் இரண்டு வகைதான் அதிகம். ஸ்ட்ரூவைட் கல் அதற்கென்று உள்ள உணவு கொடுத்தால் சில வாரத்தில் கரைந்துவிடும். நாய்களுக்கு அது கிருமியால் வரும், பூனைகளுக்குப் பெரும்பாலும் கிருமி இல்லாமலே வரும். கால்சியம் ஆக்சலேட் கல் எதற்கும் கரையாது, எடுத்தாக வேண்டும்.

எந்தப் பூனைக்கு உண்மையிலேயே பாக்டீரியாத் தொற்று வரும்? வயதானவற்றுக்கு. சிறுநீரகம் தளர்ந்து சிறுநீர் நீர்த்துப் போனவற்றுக்கு, சர்க்கரை நோய் உள்ளவற்றுக்கு, தைராய்டு மிகுந்தவற்றுக்கு. டியூப் போட்டு இரண்டு மூன்று நாள் வைத்திருந்த பூனைக்கு அந்த வழியாகவே கிருமி ஏறலாம். அடிக்கடி அடைத்துக்கொள்கிறதே என்று குறியின் ஒடுங்கிய பகுதியை எடுத்துவிட்டு அகலமான துவாரம் வைக்கும் அறுவை சிகிச்சை செய்த கடுவன்களுக்கும் பிற்பாடு தொற்று வருவது அதிகம். அடைப்புக்கு எதிராகச் செய்த அதே அகலம் கிருமிக்கும் கதவைத் திறந்துவிடுகிறது. அதனால் அந்த அறுவையை நான் கடைசி வழியாகத்தான் சொல்வேன்.

கல்ச்சரில் கிருமி வந்துவிட்டது, அறிகுறியும் இருக்கிறது என்றால் மருந்து தாராளமாகக் கொடுக்கலாம். பெரும்பாலும் ஈ.கோலி வரும், சில சமயம் என்டெரோகாக்கஸ், ஸ்டெஃபைலோகாக்கஸ். எப்போதாவது ஒருமுறை வரும் சாதாரணத் தொற்றுக்கு அமாக்சிசிலின் மாதிரி எளிய மருந்து மூன்று முதல் ஐந்து நாள் போதும் என்று 2019-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. இரண்டு வாரம், மூன்று வாரம் என்று நீட்டிய பழைய வழக்கத்துக்கு அவசியம் இல்லை. அறிகுறியே இல்லாத பூனைக்குக் கல்ச்சரில் மட்டும் கிருமி தெரிந்தால் பொதுவாக மருந்தே வேண்டாம். இன்னொன்று, நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் என்ரோஃப்ளாக்சசின் பற்றி. நல்ல மருந்துதான், ஆனால் பூனைக்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் விழித்திரை கெட்டுக் கண் பார்வை போய்விடலாம், போன பார்வை பெரும்பாலும் திரும்பாது. நாய்க்கு எழுதிய சீட்டைப் பார்த்துப் பூனைக்கும் வாங்கிப் போடுபவர்கள் தயவுசெய்து இதை நினைவில் வையுங்கள்.

இனி புராஸ்டேட். ஆண் பூனைக்குப் புராஸ்டேட் சுரப்பி உண்டு, அதற்குப் பின்னால் இன்னொரு ஜோடிச் சின்னச் சுரப்பியும் உண்டு. நாய்க்குப் புராஸ்டேட் சிறுநீர்ப்பையின் கழுத்தை ஒட்டி இருக்கும், வயதானால் ஹார்மோனால் பருத்து வீங்கும். விதையை எடுத்தால் சுருங்கிவிடும். உங்களிடம் சொன்னவர் நாயைப் பார்த்த அனுபவத்தில் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். பூனைக்கு அது மிகச் சிறியது, சிறுநீர்ப்பையிலிருந்து சற்றுத் தள்ளி இடுப்பெலும்புக்குள் பதுங்கியிருப்பது. வயதோடு பருக்கும் அந்த வழக்கமான நோய் பூனையில் பார்ப்பது அபூர்வம். சீழ் கட்டுவது, நீர்க்கட்டி, புற்றுநோய் எல்லாம் பதிவாகியிருக்கின்றன, ஆனால் அவையும் அபூர்வம்தான். புராஸ்டேட் புற்றுநோய் கருத்தடை செய்த பூனைகளுக்கும் வந்திருக்கிறது. ஆகவே விதையை எடுத்தால் தீர்ந்தது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

எப்போது அந்தச் சந்தேகம் எனக்கு வரும் என்று சொல்கிறேன். சிறுநீருக்கு மட்டும் இல்லாமல் மலம் கழிக்கவும் முக்குகிறது, மலம் தட்டையாக வருகிறது. சிறுநீர் கழிக்காத நேரத்திலும் குறி நுனியில் ரத்தமோ சீழோ சொட்டுகிறது. காய்ச்சல் இருக்கிறது, பின்னங்கால் விறைத்தாற்போல நடக்கிறது. மருந்து கொடுத்தால் கிருமி போய், நிறுத்தியதும் அதே கிருமி அதே குணத்தோடு கல்ச்சரில் திரும்பி வருகிறது. இந்தக் கடைசி ஒன்று முக்கியமானது. கிருமி எங்கோ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம், கடுவன் பூனையில் அந்த ஒளிவிடம் புராஸ்டேட்டாகவும் இருக்கலாம், சிறுநீரகமாகவும் இருக்கலாம். அப்போது மூன்று நாள் அமாக்சிசிலின் பலிக்காது, அது அந்தச் சுரப்பிக்குள் சரியாக நுழையாது. நுழையக்கூடிய மருந்தைக் கல்ச்சர் பார்த்துத் தேர்ந்து நான்கு முதல் ஆறு வாரம் கொடுக்க வேண்டியிருக்கும். உங்கள் கடிதத்தில் இந்த அறிகுறி ஒன்றுமே இல்லை.

விதைகளைப் பொறுத்தவரை, பூனைக்கு விதையில் கட்டி வருவது மிகமிக அரிது. விதைப்பை வீங்கினால் முதலில் சண்டையில் பட்ட கடிக்காயம் இருக்கிறதா என்று பார்ப்பேன். காயம் இல்லாமல், மெலிந்து, காய்ச்சலோடு இளம் கடுவனுக்கு விதைப்பை வீங்கினால் எஃப்.ஐ.பி. என்ற கொரோனா வைரஸ் நோயையும் நினைக்க வேண்டும், வயிற்றில் சேரும் நீர் அங்கேயும் இறங்கும். சாதாரணமாகப் பார்ப்பது இறங்காத விதை. ஆறு மாதம் ஆகியும் இரண்டில் ஒரு விதை பையில் கைக்கு அகப்படவில்லை என்றால் அது இடுப்பு மடிப்பிலோ வயிற்றுக்குள்ளோ தங்கிவிட்டது. பாரசீக இனப் பூனைகளில் இது அதிகம்.

சில வருடங்களுக்கு முன்னால் அப்படி ஒரு பாரசீகக் கலப்பு வந்தது. கருத்தடை ஆகி இரண்டு வருடம் என்றார்கள், ஆனால் வீடு முழுக்கப் பீய்ச்சுகிறது, கடுவன் நாற்றம் குடலைப் பிடுங்குகிறது, ‘யூரின் இன்ஃபெக்‌ஷன்’ என்று நான்கு கோர்ஸ் மருந்தும் ஆகியிருந்தது. மயக்கம் கொடுத்துக் குறியை வெளியே எடுத்துப் பார்த்தேன். அதன்மேல் பின்னோக்கிச் சாய்ந்த சின்னஞ்சிறு முட்கள், விரலால் தடவினால் பூனை நாக்கு மாதிரி சொரசொர. அந்த முட்கள் ஆண் ஹார்மோன் இருந்தால்தான் நிற்கும். விதையை எடுத்தால் ஒன்றரை மாதத்துக்குள் உதிர்ந்து வழவழவென்று ஆகிவிடும். முள் இருக்கிறது என்றால் எங்கோ ஒரு விதை இருக்கிறது. இடுப்பு மடிப்பில் கொழுப்புக்குள் மொச்சைக்கொட்டை அளவில் இருந்தது. எடுத்த பிறகு நாற்றமும் போனது, பீய்ச்சுவதும் நின்றது. கிருமி கடைசி வரை இருக்கவே இல்லை. நின்றுகொண்டு வாலை நடுக்கிச் சுவரில் பீய்ச்சுவது எல்லை குறிக்கும் பழக்கம், குந்தி முக்கிச் சொட்டு விடுவது நோய். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே பாதி மருந்து மிச்சம்.

உங்கள் பையனுக்குக் கருத்தடை வேண்டுமா? வேண்டும் என்றுதான் சொல்வேன், ஆனால் ரத்தத்தை நிறுத்த அல்ல. பெட்டை வாசனை ஜன்னல் வழியே வரும்போதெல்லாம் கதவைப் பிறாண்டிக்கொண்டு தவிக்கும் கடுவனுக்கு அந்தத் தவிப்பே ஒரு மனஅழுத்தம், வெளியே நழுவினால் சண்டை, கடியால் பரவும் வைரஸ்கள். அவற்றுக்காகச் செய்யுங்கள். இந்த எபிசோட் அடங்கி இரண்டு மூன்று வாரம் போகட்டும், இப்போது வேண்டாம். கருத்தடை செய்தால் குழாய் சுருங்கி அடைப்பு வரும் என்று இன்னொரு பேச்சு உண்டு. 1972-லேயே அளந்து பார்த்துவிட்டார்கள், குழாயின் அகலம் குறைவதில்லை. அடைப்புக்கு வழி வகுப்பது அதற்குப் பின் ஏறும் எடைதான். அறுவைக்குப் பிறகு சாப்பாட்டைக் கால் பங்கு குறைத்து, மாதம் ஒருமுறை எடை பாருங்கள்.

கல்லும் கிருமியும் இல்லை என்று பரிசோதனையில் வந்தால் மிச்சமிருப்பது அழற்சி. அதற்கு இந்த வாரம் வலி மருந்து, அப்புறம் வீட்டை மாற்றுவது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டனும் அவருடைய குழுவும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த நோயுள்ள 46 வீட்டுப் பூனைகளுக்கு வழக்கமான சிகிச்சையோடு சூழலையும் மாற்றிப் பத்து மாதம் கவனித்தார்கள். ரத்தம், முக்கல் எல்லாம் தெளிவாகக் குறைந்தன, பயமும் படபடப்பும்கூடக் குறைந்தன. அவர்கள் செய்ததில் பெரிய செலவு எதுவும் இல்லை. ஏறி உட்கார உயரமான இடம், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி, தினமும் ஒரே நேரத்தில் விளையாட்டு, ஒரு பூனைக்கு இரண்டு மண் தட்டு, தட்டும் சாப்பாடும் தள்ளித் தள்ளி.

தண்ணீரை உள்ளே ஏற்றுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய மருந்து. சிறுநீர் நீர்க்க நீர்க்கப் புண்ணான சுவரில் எரிச்சல் குறையும், படிகமும் சேராது. உலர் தீவனத்தில் பத்தில் ஒரு பங்குகூட நீர் இருக்காது. ஈர உணவில் முக்கால் பங்கு நீர். திடீரென்று மாற்றாமல் இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். மீனோ கோழியோ வேகவைத்த தண்ணீரை ஆறவைத்து ஊற்றினால் பெரும்பாலான பூனைகள் விடாது. அதில் உப்பு வேண்டாம், வெங்காயமும் பூண்டும் கூடவே கூடாது, பூனையின் ரத்தத்தை உடைத்துவிடும்.

முடிந்தால் ஆறு மாதத்துக்கு முன்னால் வீட்டில் என்ன மாறியது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். புதுப் பூனை, பெயின்ட் வேலை, குழந்தை, ஆள் மாற்றம், பக்கத்து மொட்டைமாடியில் ஒரு கடுவன். ஒவ்வொரு முறை ரத்தம் வந்த தேதியையும் பக்கத்தில் எழுதுங்கள். கட்டிப்படும் மண் பயன்படுத்தினால் தினமும் எத்தனை கட்டி, என்ன அளவு என்பதும் வேண்டும்: நல்ல நாளில் எலுமிச்சை அளவில் இரண்டு மூன்று இருக்கும், மோசமான நாளில் சுண்டைக்காய் அளவில் பத்துப் பதினைந்து. அந்தத் தாளையும், இதுவரை போட்ட ஊசிகளின் பெயரையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். இந்த முறை ஊசிக்கு முன்னால், “சிறுநீரை ஊசியில் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்ப முடியுமா டாக்டர்?” என்று கேளுங்கள். அங்கே வசதி இல்லையென்றால், சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்களில் ஸ்கேன் வசதி உள்ள இடத்துக்கு அவரே எழுதிக் கொடுப்பார். போகிற வழியில் அவன் கூடைக்குள்ளேயே சிறுநீர் விட்டுவிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அது எவ்வளவு, என்ன நிறம் என்று மட்டும் பார்த்து வையுங்கள்.